மறைப்பு உடைந்த தேதி

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுக்குக் கிழக்கே
உரமூட்டை வாசம் போகாத கூட்டுறவுச் சங்க அறை.
சம்மதப் படிவம் இரண்டு மொழியில்.
எதில் ரேகை வைத்தாலும் மை ஒன்றுதான்.

இந்தப் பக்கம் சர்க்கரைக்கொல்லி,
அந்தப் பக்கம் சக்கரக்கொல்லி.
கொடி அதேதான், வேலியும் அதேதான்;
ஒரு 'ர்' மட்டும்
செக்போஸ்ட்டில் இறங்கிக்கொள்கிறது.

அறுபத்துநாலு பேர்.
முப்பத்திரண்டு குப்பியில் இலைத்தூள்,
முப்பத்திரண்டில் பச்சைச் சாயம் ஏற்றிய அரிசிமாவு.
எது யாருக்கென்று அவர்களுக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது.
கோயம்புத்தூரில் அரக்கு வைத்த ஓர் உறைக்குத் தெரியும்.
அறியாமை இங்கே ஒரு கருவி;
தராசைத் துடைப்பதுபோல
அதையும் தினம் துடைத்து வைக்கவேண்டும்.

செவ்வாய்தோறும் வெறும் வயிற்றோடு வருவார்கள்.
தேங்காய் உரிக்கிற விரலில் ஊசி இறங்காது,
மோதிர விரலின் ஓரத்தில்
இன்னும் தோலாக இருக்கிற இடத்தைத் தேடுவேன்.

இருபத்தேழாம் எண், கமருதீன் ராவுத்தர், அல்வாக் கடை.
முதல் வாரமே கேட்டார்:
"இந்தக் கூடு எந்த மிருகத்து எலும்புல காய்ச்சினதும்மா?"
குப்பியில் எழுதியிருக்கவில்லை.
எழுதிக் கேட்கிறேன் என்றேன். கேட்டேன்.
பதில் வரவில்லை.
அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டு
தூளை மட்டும் நாக்கில் போட்டுக்கொண்டு
அடுப்படிக்குப் போயிருக்கிறார்.
பாகைத் தொட்டு வைத்தால் நாக்கில் வெறும் சூடு.
இன்னொரு கரண்டி சர்க்கரை.
அதுவும் ஆற்றுமணல்.
இன்னொன்று.

அந்த வாரம் எல்லை முழுக்கப் பல் கூசியது.
கொல்லங்கோட்டுக் கல்யாண வீடு
மூன்று கிலோவைத் திருப்பி அனுப்பியது, பணத்தையும் கேட்டது.
நாற்பது வருஷக் கை ஏன் தவறியது என்று
ஊர் துருவியதில் தூள் வெளியே வந்தது.

புதன்கிழமை ரேஷன் வரிசையிலேயே
கூடுகள் உடைந்தன.
ஒருத்தி முந்தானையிலிருந்து வெல்லத்துண்டு எடுத்தாள்.
"உனக்கு?"
"மண்ணு."
"எனக்கு இனிக்குது, போ."
இனித்தவர்கள் ஏமாந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.
உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்திருக்காது,
வெல்லம் இனித்ததற்கு.

உறை இன்னும் கோயம்புத்தூரில் பத்திரமாக இருக்கிறது,
அரக்கு கீறாமல்.

அடுத்த செவ்வாய் பதினொரு பேர் வரவில்லை.
நாற்பத்தொன்றாம் எண் மாராத்தா வந்தாள்,
பஸ் இல்லாததால் நடந்து.
அவளுக்கு இனித்தது என்று ஊருக்கே தெரியும்.
இருநூற்றுப் பதினாலில் தொடங்கியவள்
நூற்றெழுபதுக்கு வந்திருந்தாள்;
நடையோ, நம்பிக்கையோ, மருமகள் ஊருக்குப் போயிருந்ததோ,
அதற்கெல்லாம் என்னிடம் கட்டம் இல்லை.

கேட்கக்கூடாத கேள்வி, கேட்டுவிட்டேன்:
"மாவுன்னு தெரிஞ்சும் எதுக்கு முழுங்கறீங்க?"
பஞ்சை விரலில் அழுத்தியபடியே சொன்னாள்:
"நானும் நின்னுட்டா
அவங்க தூளு வேல செஞ்சுதுன்னு
எதோட வெச்சுப் பாப்பீங்கொ?"
பிறகு, ஊசி இன்றைக்கு வலித்தது என்றும் சொன்னாள்.

இரவு படிவத்தைப் பிரித்தேன்.
மறைப்பு உடைந்ததற்குக் காரணம், இரண்டு வரிக்குள்.
'பங்கேற்பாளர் விதிமீறல்' என்று எழுதி, அடித்தேன்.
'அல்வா' என்று எழுதி, அதையும் அடித்தேன்.
மிச்சமிருந்த இடத்தில் எழுத்தைக் குறுக்கி எழுதினேன்:
கூடு எதனால் ஆனது என்று ஒருவர் கேட்டார்.
நாம் பதில் சொல்லவில்லை.

தேதி கேட்டிருந்தது.
அது மட்டும் யாருக்கும் சரியாக நினைவில்லை.
ராவுத்தரிடம் கல்யாண வீட்டு ரசீதை வாங்கிப் பார்த்து
நிரப்பினேன்.